ஃப்ளூயிட் ட்ரெய்னரும் தோட்டத்து ஏற்றமும்: மெய்நிகர் சைக்கிளோட்டத்துக்கு ஒரு செய்முறைப் பதிவு

சைக்கிளின் பின்சக்கரத்தை ட்ரெய்னர் என்னும் சட்டத்தில் பூட்டி, வீட்டுக்குள் மிதித்தபடியே கணினித் திரையிலுள்ள பாதையில் ஓடுவதுதான் மெய்நிகர் சைக்கிளோட்டம். அப்படி ஓடும்போது திரையில் தெரியும் வாற்று எண்ணும், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலடியிலிருந்து பங்களாச் சந்தி வரையான ஏற்றத்தில் என் கால்கள் உண்மையாகச் செலவழிக்கும் வலுவும் ஒருவாறு பொருந்திவந்துவிட்டன. திரையில் வரும் ஏற்றத்துக்கேற்பத் தானே கனக்கும் ஸ்மார்ட் ட்ரெய்னரோ, மிதிக்கும் வலுவை நேரே அளக்கும் பவர் மீற்றரோ இல்லாமல், எண்ணெயின் தடையால் மிதிப்பைக் கனக்கவைக்கும் சாதாரண ஃப்ளூயிட் ட்ரெய்னர் ஒன்றையும் வேக சென்சர் ஒன்றையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடத்துக்கு வந்து சேரச் சில மாதங்கள் பிடித்தன. இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு எதில் காசு போட வேண்டும், எதைக் கையிலிருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், எந்த அளவை எப்போது எடுக்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும் என்பதால், செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

இலங்கையின் மலைநாட்டில் இருந்துகொண்டு வீட்டுக்குள் சைக்கிள் ஓட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டுவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அந்தச் சரிவுகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்கள் உண்டு. வட்டவளையைக் கடந்து அட்டன், கொட்டகலை, தலவாக்கலை என்று வர வர மழை குறைந்தாலும், அந்தக் குறைவிலும் கிழமைக் கணக்கில் வெயிலைக் காணாத காலம் வரும். ஏ7 வீதியில் மூடுபனி இறங்கிய பின்னேரத்தில், வளைவுக்கு வளைவு எதிரே பஸ்ஸும் லொறியும் வரும்போது, ஈரத்தில் நனைந்த ரிம் பிரேக்கை நம்பி இறக்கத்தில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பினால் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆகவே வருடத்தில் பாதிக் காலத்துக்கு வீட்டுக்குள் ஓடுவதென்று தீர்மானித்தேன்.

வாங்கியது குர்ட் கைனெட்டிக் ரோட் மெஷின் என்னும் பழைய ட்ரெய்னர். கண்டியில் ஒருவர் பாவித்து விற்றதை 42,000 ரூபாவுக்கு எடுத்தேன். பின்சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்று, டயரில் அழுந்தும் உருளை ஒன்று, உருளையோடு சேர்ந்து சுழலும் கனத்த ஃப்ளைவீல் ஒன்று, சிலிக்கன் எண்ணெய் நிரம்பிய மூடிய அறை ஒன்று, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அறைக்குள்ளே எண்ணெயைக் கலக்கும் சுழலியை வெளியேயுள்ள அச்சு நேரடியாகத் தொடுவதில்லை. காந்தங்கள் வழியாகவே சுழற்றுகிறது. இதனால் எண்ணெய் கசிவதற்கு அச்சோரத்தில் வழியில்லை. பழைய ஃப்ளூயிட் ட்ரெய்னர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய்க் கசிவைத்தான். அறையைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி காய்ந்தே இருந்தது. இந்த வகைக்கு மின்சாரமே வேண்டியதில்லை என்பதும் அடிக்கடி கரண்ட் போகும் எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமாக இருந்தது.

முதல் தடை சக்கரத்தைப் பூட்டுவதிலேயே வந்தது. ட்ரெய்னரின் இரண்டு பக்கக் கிண்ணங்களும் விரைவாகக் கழற்றும் வகை ஸ்கியூவரின் (அச்சுக்குள் ஊடுருவிச் செல்லும் தண்டின்) முனைகளைக் கவ்வுவதற்காகச் செய்யப்பட்டவை. என் சைக்கிளோ 26 அங்குலச் சக்கரமும் 21 கியரும் உள்ள, அச்சின் இருபுறமும் நட்டு இறுக்கிய சாதாரண மலைச் சைக்கிள். அறுகோண நட்டைக் கிண்ணத்துக்குள் வைத்து இறுக்கினால் ஒரு முனை மட்டும் பட்டுக்கொண்டு நின்றது. பத்து நிமிடம் மிதித்ததும் சட்டம் ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரம் கிண்ணத்திலிருந்து கழன்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அட்டனில் லேத் வேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் போய், அச்சில் திருகி ஏறக்கூடியதும் வெளிப்புறம் உருண்டையாக இருப்பதுமான உருக்கு மூடிகள் இரண்டு கடைந்து தரச் சொன்னேன். அச்சு 10 மில்லிமீற்றர் என்றே நானும் அவரும் எடுத்துக்கொண்டோம். முதலில் செய்த சோடி அச்சில் ஆடியபடி ஏறியது. ஸ்பனரால் இறுக்கியதும் புரி வழுக்கிவிட்டது. பாஸ் வேர்னியர் அளவுகோலை எடுத்து அச்சின் மேல் வைத்துப் பார்த்தார்: 9.4 மில்லிமீற்றர். "சேர், இது பத்து எம்.எம். இல்ல, மூணு நூல். பழைய சைக்கிள் புரி. எங்கிட்ட இந்த டெப் இல்ல, சைக்கிள் கடைக்காரர்கிட்ட இருக்கும்" என்றார். டெப் என்பது துளைக்குள் புரி வெட்டும் கருவி; ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம். அவர் சொன்னது சரி. நட்டு இறுக்கும் பின்னச்சுகள் பலவற்றில் விட்டம் எட்டில் மூன்று அங்குலம். அங்குலத்துக்கு 26 புரி. 10 மில்லிமீற்றர் அச்சில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக 1 மில்லிமீற்றர் இருக்கும். இதில் அது 0.98 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சைக்கிள் திருத்துமிடத்தில் கறுத்துப்போன பழைய டெப் ஒன்று கிடைத்தது. கடைக்காரர் கைமாற்றாகத் தந்தார். பாஸ் 22 மில்லிமீற்றர் உருக்குத் தடியில் 8.5 மில்லிமீற்றர் துளையிட்டு, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்றுப் பின்னே என்று மெதுவாகப் புரி வெட்டினார். வெளிப்புறத்தை 18 மில்லிமீற்றருக்குக் கடைந்து, முனையைக் கிண்ணத்தின் சரிவுக்கு ஏற்றபடி கூம்பாக இறக்கினார். பக்கவாட்டில் 15 ஸ்பனர் பிடிப்பதற்கு இரண்டு தட்டை முகங்களும் அராவித் தந்தார். வீணான முதற்சோடியையும் சேர்த்து 2,500 ரூபா எடுத்தார். இதற்கென்றே செய்த இணைப்பு நட்டுகள் வெளிநாட்டில் விற்கப்படுகின்றன. ஆனால் தபாற் செலவும் காத்திருக்கும் காலமும் சேர்ந்தால் பாஸின் வேலைதான் மலிவு. நட்டு அச்சுள்ள சைக்கிள் வைத்திருப்பவர்கள் ட்ரெய்னரை வாங்குவதற்கு முன்பே வேர்னியர் ஒன்றால் அச்சை அளந்துகொள்ள வேண்டும், 9.5-க்குச் சற்றுக் கீழே என்றால் மூன்று நூல், 9.8-க்கு மேலே என்றால் பத்து மில்லிமீற்றர்.

அடுத்தது டயர். மலைச் சைக்கிளின் கட்டை டயரோடு ஓடிப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையும் உருளையில் தட்டும் ஓசை வீட்டையே நிறைத்தது. உருளைக்கடியில் கறுப்பு ரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, விடியக்காலையில மிசின் ஏதும் ஓடுதா?" என்று அக்கறையோடு விசாரித்தார். எங்கள் விடுதிகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டவை என்பதால் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. 26 அங்குலத்துக்கு 1.5 அங்குல அகலமுள்ள வழுவழுப்பான டயர் ஒன்றை 3,800 ரூபாவுக்கும் டியூபை 900 ரூபாவுக்கும் வாங்கிப் பின்சக்கரத்தில் மாற்றினேன். ஓசை பாதிக்கு மேல் அடங்கியது. மிச்ச அதிர்வு நிலத்தின் வழியாகப் போவது. அதற்குத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட ரப்பர் கன்வேயர்ப் பட்டியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, இரண்டாக மடித்துச் சட்டத்தின் கால்களுக்குக் கீழே போட்டேன். பலகைத் தரை உள்ள பழைய விடுதிகளில் இருப்பவர்கள், அறையின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, கீழே குறுக்குச் சட்டம் ஓடும் இடத்தில் வைத்தால் அதிர்வு குறையும்.

பின்சக்கரம் உயர்ந்து நிற்பதால் முன்சக்கரத்துக்குக் கீழேயும் ஏதாவது வைக்க வேண்டும். ரசமட்டத்தை மேல் குழாயில் வைத்துக் குறித்துக்கொண்டு, சைக்கிளைத் தரையில் விட்டபோது இருந்த அதே சரிவு வரும்வரை பலகை அடுக்கினேன். 65 மில்லிமீற்றர் தேவைப்பட்டது. சவுக்குப் பலகையில் டயர் உட்காரும்படி பள்ளம் வெட்டிய கட்டை ஒன்றே போதும். இதற்கெனக் கடையில் விற்கும் பிளாஸ்ரிக் தாங்கிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மெய்நிகர் பாதைக்கு ஸ்விஃப்ட் செயலியை எடுத்தேன். மாதம் 19.99 டொலர், வங்கிக் கட்டணத்தோடு ஆறாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது என்பதால், மழை மாதங்களில் மட்டும் கட்டி, மற்ற மாதங்களில் நிறுத்திவைக்கிறேன். ஸ்மார்ட் ட்ரெய்னர் இல்லாதவர்களும் அதில் ஓடலாம். வேக சென்சரைச் சேர்க்கும் இடத்தில் எந்த ட்ரெய்னர் என்று கேட்கும். பட்டியலில் அதைத் தெரிவுசெய்தால், பின்சக்கரத்தின் வேகத்தை அந்த ட்ரெய்னருக்குரிய வளைகோட்டில் (எந்த வேகத்துக்கு எத்தனை வாற்று என்று காட்டும் கோட்டில்) வைத்து வாற்றை மதிப்பிட்டுத் தரும். பட்டியலில் உள்ள ட்ரெய்னரைத் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான். இந்த ட்ரெய்னரின் வளைகோட்டைத் தயாரிப்பாளரே சூத்திரமாக வெளியிட்டிருக்கிறார்: வேகத்தோடு நேராகக் கூடும் ஒரு பகுதி, வேகத்தின் மும்மடியோடு கூடும் இன்னொரு பகுதி. மாதச் சந்தா கட்ட விரும்பாதவர்களுக்கு கோல்டன் சீற்றா என்னும் இலவச மென்பொருளும் இதே முறையில் வாற்றைக் காட்டும். அதில் ஸ்விஃப்டில் போன்ற மெய்நிகர் உலகம் இல்லை, பெரும்பாலும் எண்களும் வரைபுகளும்தான்.

சென்சர் காந்தம் தேவைப்படாத வகை, பின்சக்கர ஹப்பில் (நடுக்குடத்தில்) ரப்பர் வளையத்தால் கட்டுவது, 6,500 ரூபா. மடிகணினியில் புளூடூத் அடிக்கடி அறுந்ததால் ஆன்ட் பிளஸ் (சென்சர்களுக்கான இன்னொரு கம்பியில்லா இணைப்பு) யுஎஸ்பி துண்டு ஒன்றை 4,000 ரூபாவுக்கு வாங்கி, இரண்டு மீற்றர் நீட்டு வயரில் மாட்டி ட்ரெய்னருக்கு அருகில் தரையில் வைத்தேன். அதன்பின் இணைப்பு அறவில்லை. புளூடூத் வழியில் சென்சர் கிடைக்கவில்லை என்று காட்டினால், கைத்தொலைபேசியில் வேறு செயலி ஏதாவது அதைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய சென்சர்கள் பலவும் புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும்.

சக்கரச் சுற்றளவைச் சும்மா விட்டுவிடக் கூடாது. பல செயலிகள் தொடக்கத்தில் வைத்திருக்கும் அளவு ரோட் சைக்கிளின் 700-க்கு 25 டயருக்குரிய 2105 மில்லிமீற்றர். என் டயருக்கு அட்டவணைகள் தரும் அளவு 1985. இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு சதவீதம்தான்; ஆனால் வாற்றின் ஒரு பகுதி மும்மடியோடு ஏறுவதால், மணிக்கு 26 கிலோமீற்றர் வேகத்தில் அந்த ஆறு சதவீதம் வாற்றில் பன்னிரண்டு சதவீதப் பிழையாகிவிடும். வால்வு தரையைத் தொடும் இடத்தில் சோக்கால் கோடு போட்டு, சைக்கிளில் ஏறியிருந்தபடி ஒரு சுற்று உருட்டி, மறுபடி கோடு போட்டு அளந்தால் தன் சக்கரத்தின் அளவு கையில் வந்துவிடும். எனக்கு 1975 வந்தது. செயலியில் அதற்கு மிகக் கிட்டிய அளவை வைத்தேன்.

ஓடத் தொடங்கியதும் புதியவர்களைக் குழப்பும் விடயம் ஏற்றம்தான். திரையில் எட்டு சதவீத ஏற்றம் வருகிறது. ட்ரெய்னருக்கு அது தெரியாது. பெடல் கனப்பதில்லை. 150 வாற்றில் மிதிக்கும் 68 கிலோகிராம் மனிதர் ஒருவரின் உருவம் அந்த ஏற்றத்தில் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றரில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதே வேளை அவருடைய பின்சக்கரம் 25 கிலோமீற்றரில் சுழன்றுகொண்டிருக்கும். வேக சென்சர் அனுப்பும் வேகத்தைச் செயலி அப்படியே திரையில் போடுவதில்லை. அதிலிருந்து வாற்றை மட்டும் எடுத்து, உடல் எடையையும் சரிவையும் சேர்த்துக் கணித்த வேகத்தையே போடுகிறது. ஆகவே ஏற்றத்தை உண்டாக்குவது உங்கள் கியர். என் சைக்கிளில் முன்பற்சக்கரங்கள் 28, 38, 48 பல் கொண்டவை. பின்னே 14 முதல் 28 வரை. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால், 38-க்கு 18-இல் சக்கரம் மணிக்கு 20 கிலோமீற்றர் ஓடித் திரையில் 100 வாற்றை ஒட்டிக் காட்டும். 38-க்கு 14-இல் 26 கிலோமீற்றர், 170 வாற்று. 48-க்கு 14-இல் 33 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, 270 வாற்று. கியர் மாற்றும் இந்த மூன்று நான்கு படிகள் மனதில் நின்றுவிட்டால், பயிற்சித் திட்டம் கேட்கும் வாற்றுக்குச் சட்டென்று போய்விடலாம். முன்னேயுள்ள 28 பற்சக்கரத்தை நான் தொடுவதேயில்லை.

நீண்ட ஏற்றங்களில் இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்விஃப்டின் பெரிய ஏற்றங்களில் ஒன்று பிரான்ஸின் அல்ப் துவேஸ் மலையைப் பார்த்து அமைத்தது: 12 கிலோமீற்றருக்குச் சற்று மேல், 21 கொண்டை வளைவுகள், 1036 மீற்றர் உயரம். 150 வாற்றில் எனக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறியவர்களுக்கு அந்த நீளம் அந்நியமாகத் தோன்றாது. போட்டிகளைப் பொறுத்தவரை, மதிப்பிட்ட வாற்றோடு ஓடுபவர்களின் பெறுபேறுகள் பலவற்றில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. அது நியாயமானதே என்பதைக் கீழே வரும் அளவீடுகளைப் பார்த்தால் விளங்கும்.

இனி வெப்பநிலை. விடியற்காலை ஐந்து மணிக்கு என் அறையில் வெப்பமானி 14 பாகை காட்டும். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும்; அதே கியரில், அதே மிதிவேகத்தில், முதல் பத்து நிமிடம் கால் கனத்துப்போகும், பிறகு இலேசாகும். திரையில் எண் மட்டும் மாறாமல் நிற்கும், ஏனென்றால் அது பார்ப்பது சக்கர வேகத்தை மட்டுமே. அதாவது ஓட்டத்தின் தொடக்கத்தில் நான் உண்மையில் கொடுக்கும் வலுவைத் திரை குறைத்துச் சொல்கிறது. இதைக் கையால் பிடித்துக்காட்டும் எளிய சோதனை உருண்டு நிற்கும் நேரத்தை அளப்பது. மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேலே ஏற்றி, மிதிப்பதை நிறுத்தி, 30-ஐக் கடக்கும் கணத்திலிருந்து சக்கரம் நிற்கும்வரை கைத்தொலைபேசியில் நேரம் எடுக்க வேண்டும். குளிரில் 9.5 செக்கன், பதினைந்து நிமிடம் ஓடிய பின் 12.5 செக்கன். அதற்குப் பிறகு இன்னும் அரை மணித்தியாலம் ஓடினாலும் கால் செக்கனுக்கு மேல் மாறவில்லை. ஆகவே முதல் பதினைந்து நிமிடத்தின் வாற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. செயலியில் உடலைச் சூடாக்கும் பகுதி முடிந்த பிறகுதான் அளவான பகுதியைத் தொடங்குகிறேன்.

டயரின் காற்றும் உருளையின் அழுத்தமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால்தான் இந்த எண்களுக்குப் பொருள் உண்டு. அளவுமானியுள்ள நிற்கும் பம்பால், ஓடுவதற்கு முன், 60 பி.எஸ்.ஐ. வைக்கிறேன், விரலால் அழுத்திப் பார்ப்பது போதாது, 45-க்கும் 60-க்கும் விரலுக்கு வேறுபாடு தெரிவதில்லை. உருளையைத் திருகும் குமிழில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, உருளை டயரைத் தொட்ட இடத்திலிருந்து இரண்டு முழுச் சுற்றுத் திருகினேன். ஓடி முடிந்ததும் உருளையைத் தளர்த்திவிட வேண்டும். இறுக்கியபடியே விட்டால் டயரில் பள்ளம் விழுந்து, அடுத்த நாள் தட்டத் தொடங்கும்.

இவ்வளவும் செய்த பின் எண் மாறாமல் வந்தது. ஆனால் மாறாமல் வருவதும் சரியாக வருவதும் வெவ்வேறு. பவர் மீற்றர் வாங்கி ஒப்பிட வசதி இல்லை. வீட்டு வாசலில் மலை இருக்கிறது. கோயிலடியிலிருந்து பங்களாச் சந்தி வரை தோட்டத்துப் பாதை 1.57 கிலோமீற்றர், நடுவில் இறக்கமோ தட்டையான இடமோ இல்லாமல் ஒரே சீராக ஏறுவது. நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்துச் சமவுயரக் கோடுகளையும், காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் நண்பரின் கைக்கடிகாரத்தையும் வைத்து உயர வேறுபாடு 110 மீற்றர் என்று எடுத்தேன். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் உயரத்தை இதற்கு நம்பக் கூடாது. ஒரே இடத்தில் நின்றபோதே எனக்குப் பதினைந்து மீற்றர் ஏறி இறங்கியது.

காற்றில்லாத காலைகளில், அதே சைக்கிளில், அதே பின் டயரோடு, நெஞ்சில் இதயத்துடிப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, துடிப்பு நிமிடத்துக்கு 152-ஐ ஒட்டி நிற்கும்படி ஏறினேன். நேரம் 11 நிமிடத்தை ஒட்டியே வந்தது. நான் 66 கிலோகிராம், சைக்கிள் 15.5, சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலும் 1.5, எல்லாமாக 83. எடையைப் புவியீர்ப்பாலும் உயரத்தாலும் பெருக்கி 660 செக்கனால் வகுத்தால் 136 வாற்று. இது உயரத்துக்கு மட்டும். உடைந்த தார்ப் பாதையில் டயர் உருள்வதற்கு எடையின் நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் 19 வாற்று. மணிக்கு எட்டரைக் கிலோமீற்றரில் காற்றுக்கு 4 வாற்று போதும். செயினில் இழப்பு மூன்று சதவீதம். கூட்டினால் ஏறத்தாழ 164 வாற்று. மெதுவான ஏற்றத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே காற்றுத்தடை மிகச் சிறிதாகி, நன்றாக அளக்கக்கூடிய உயரமும் எடையுமே கணக்கில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதுதான்.

அன்று மாலையே ட்ரெய்னரில், எண்ணெய் சூடான பிறகு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, அதே 152 துடிப்பில் பதினொரு நிமிடம் ஓடினால் திரை 178 என்றது. வேறு நாட்களிலும் 175-க்கும் 180-க்கும் இடையிலேயே வந்தது. திரை எட்டு சதவீதம் கூட்டிச் சொல்கிறது. அதாவது என் ட்ரெய்னர், வளைகோடு எதிர்பார்ப்பதைவிடச் சற்று இலேசாக ஓடுகிறது. குமிழை இன்னும் அரைச் சுற்று இறுக்கி இரண்டரையாக்கினேன். உருண்டு நிற்கும் நேரம் 12.5-இலிருந்து 11 செக்கனுக்கு இறங்கியது. அதே துடிப்பில் திரை 168-இல் நின்றது. பாதையின் உருளுந்தடை பற்றிய என் மதிப்பீட்டிலேயே நான்கைந்து வாற்று அங்கே இங்கே போகலாம் என்பதால் இதற்கு மேல் துரத்தவில்லை. இப்போது எனக்கு வேண்டிய ஒரே எண் 11 செக்கன்தான். டயர் தேய்ந்தாலும், புதிது போட்டாலும், குளிர்காலம் வந்தாலும், சூடான பின் உருண்டு நிற்கும் நேரம் 11-க்கு வரும்படி குமிழைத் திருகுகிறேன், சுற்றுகளை எண்ணுவதில்லை.

விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர் ஊரில் விசிறி எதற்கு என்று நினைத்து அதில்லாமல் ஓடினால், அரை மணித்தியாலத்தில் அதே வாற்றுக்குத் துடிப்பு பத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. மழைக்காலத்தில் அறைக் காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிகிறது. ஒப்பீட்டை விசிறியோடு செய்ததற்கும் காரணம் இதுதான். வழியும் வியர்வை ஹாண்டிலின் தண்டிலுள்ள அலன் கீ போல்ட்டுகளில் இறங்கித் துருப்பிடிக்க வைக்கும். குறுக்கே ஒரு பழைய துவாயைப் போட்டு, ஓடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, போல்ட் தலைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறேன். கரண்ட் போனால் மடிகணினி தன் பற்றரியில் ஓடும்; இணையத்துக்குக் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் போதும். செயலியைப் பதிவிறக்குவதுதான் பல கிகாபைற் இழுக்கும். அதை நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒரு தடவை செய்துவிட வேண்டும்.

ட்ரெய்னர், மூடிகள், டயரும் டியூபும், சென்சர், யுஎஸ்பி துண்டு எல்லாம் சேர்த்து 59,700 ரூபா. இதயத்துடிப்புப் பட்டியும் விசிறியும் மடிகணினியும் ஏற்கெனவே இருந்தவை. மறுபடி செய்வதென்றால், யுஎஸ்பி துண்டை வாங்குவதற்கு முன் சென்சரை ஆன்ட் பிளஸ் ஏற்கும் பழைய கைத்தொலைபேசி ஒன்றில் இணைத்துப் பார்ப்பேன். பாதைக்கும் ட்ரெய்னருக்கும் ஒரே பின்சக்கரத்தைப் பாவிப்பதால் கல்லும் மணலும் டயரில் ஒட்டி உருளையைக் கீறுகின்றன. ஓடுவதற்கு முன் டயரைத் துணியால் துடைத்து, விரலால் தடவிக் கல் இருக்கிறதா என்று பார்ப்பது இப்போதைய வழி. அடுத்த மழைக்கு முன்பு பாவித்த பின்சக்கரம் ஒன்றை ஏழு கியர் ஃப்ரீவீலோடு தேடி எடுத்து, வழுவழுப்பான டயரையும் பாஸ் கடைந்த மூடிகளையும் அதில் நிரந்தரமாகப் போட்டுவிட எண்ணியிருக்கிறேன். அச்சை மட்டும் வேர்னியரால் அளந்த பிறகே வாங்குவேன்.